ஐம்பதாம் நாள் கைதட்டல்: புகைப்பழக்கத்தை விடுவதில் சகதுணை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் சிகரெட்டை நிறுத்திய ஐம்பதாம் நாளன்று நாங்கள் ஒன்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவியில் ஊதச் சொன்னேன். 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் மூன்று பங்கு. புகைக்காத ஒருவரின் மூச்சு அப்படித்தான் இருக்கும். அதற்கு இன்னொரு முறை கைதட்டினோம். அவர் சிரித்தார், எல்லோருக்கும் நன்றி சொன்னார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிப் போனார்.

அதற்கு ஒன்பது நாள் முன்பே அவர் மறுபடி புகைக்கத் தொடங்கியிருந்தார்.

நான் மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. 11 ஆண்டுகளுக்கு முன் புகையை விட்டவன். அப்புறம், விட நினைக்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடும் சிறு கூட்டம் ஒன்றை நடத்தி வருகிறவன். மருந்து பற்றிய முடிவுகளை மருத்துவர் எடுப்பார். மருத்துவரைப் பார்க்காத மிச்ச நேரம் எங்களுடையது. இதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் பக்கத்துத் தவறுகளை மாற்றவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன்

வயது 43. ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு, ஷிப்ட் வேலை. 19 வயதில் தொடங்கி 24 ஆண்டுகளாகப் புகைத்தவர். ஒரு நாளைக்கு 18, 20 என்று போகும். நிகோடின் பிடி எவ்வளவு என்று பார்க்க ஃபேகர்ஸ்ட்ரோம் சோதனையின் ஆறு கேள்விகளைக் கேட்டோம். மொத்தம் 10 மதிப்பெண்ணுக்கு 7 வந்தது. எத்தனை சிகரெட் என்பதுதான் அந்தச் சோதனையில் பெரிய விஷயம் என்று வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பதற்கும் அதே எடை உண்டு. நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவெல்லாம் தூங்கி எழும்போது கிட்டத்தட்ட வற்றியிருக்கும். அந்த வறட்சியை உடம்பு எத்தனை நிமிடம் பொறுக்கிறது என்பதே கேள்வி. அவருக்கு 5 நிமிடம்கூட ஆகாது. "கண்ணு திறக்கிறதுக்கு முன்னாடி கை திறந்துடும்" என்றார்.

ஏற்கெனவே மூன்று முறை விட்டுப் பார்த்திருந்தார். மூன்றையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் அவருக்கு வேறு வேறு வகைத் துணை இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது.

முதல் முறை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் தாங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "தோத்தாலும் யாருக்கும் தெரியாதுல்ல" என்றார். அதை நான் குறித்துக்கொண்டேன். குறித்து வைத்ததோடு சரி, யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பின்னால் நடந்தது அவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது.

இரண்டாம் முறை மனைவியைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். மனைவி புகைத்ததே இல்லை. நல்ல எண்ணத்தோடு சட்டைப் பையைப் பார்த்தார், வாயை மோந்தார், கேள்வி கேட்டார். மனைவியின் கணக்கில் அந்த முயற்சி 19 நாள், அவருடைய கணக்கில் 8 நாள். மீதி 11 நாளும் பாக்கெட் வண்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. "வீட்டுக்குள்ள ஒரு போலீஸ் இருந்தா அப்ப நான் திருடன்தானே?" என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். அன்றைக்கு அது சிரிப்பாக இல்லை. சீட்டுக்கு அடியில் பாக்கெட் அகப்பட்டபோது புகையைப் பற்றி எந்தச் சண்டையும் வரவில்லை. பொய் சொன்னதற்குத்தான் சண்டை.

மூன்றாவது முறை, இடைவேளையில் கூட நின்று தம் அடிக்கும் சக ஊழியரோடு ஒரு பந்தயம். ஒரே தேதியில் இருவரும் நிறுத்துவது, முதலில் விழுகிறவர் மற்றவருக்கு விருந்து வைப்பது. ஆறாம் நாள் பகலில் நண்பர் விழுந்தார், சாயங்காலம் இவர் விழுந்தார். நண்பர் புகைத்துவிட்டு வந்து சொன்னபோது தனக்கு முதலில் வந்தது நிம்மதி என்று ஒப்புக்கொண்டார். இனி நமக்கும் அனுமதி உண்டு என்கிற நிம்மதி.

ஒரே நாளில் விடும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுவது கேட்க நன்றாக இருக்கும். ஆய்வுகளில் அது வழவழா கொழகொழாதான். ராபர்ட் வெஸ்ட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தனித்தனியாக ஆலோசனை பெற்றவர்களை ஜோடி சேர்த்தபோது நான்கு வார முடிவில் புகைக்காமல் இருந்தவர்கள் 27 சதவீதம். ஜோடி இல்லாதவர்களில் 12. சரி, நல்ல வித்தியாசம். ஆனால் ஏற்கெனவே குழுவாகக் கூடுகிறவர்களிடையே பின்னாளில் அதே ஏற்பாட்டைச் சோதித்தபோது ஜோடியால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: யாருமே இல்லாதவனுக்கு ஒரு ஆள் கிடைப்பது பெரிய விஷயம், சுற்றிலும் ஆள் இருக்கிறவனுக்கு இன்னொருவரை ஒட்டவைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. அதோடு, நீச்சல் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அதில் எப்போதும் உண்டு.

நான்காவது முயற்சி, முதல் வாரங்கள்

மருத்துவர் தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிகோடின் பட்டையும், அவ்வப்போது வரும் வேகத்துக்கு 4 மில்லிகிராம் சூயிங்கமும் எழுதிக் கொடுத்தார். பட்டை நாள் முழுக்க மெதுவாகக் கொடுக்கும், கம் அவசரத்துக்கு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம் என்பது நன்றாக நிறுவப்பட்டது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் துணையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து மருந்து வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்தும் ஆலோசனையும் இல்லாமல் வெறும் மன உறுதியில் விடுகிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். அவர்களில் பெரும்பாலானோர் முதல் எட்டு நாளிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

முதல் வாரத்தில் கூட்டம் அவருக்கு உண்மையாகவே உதவியது. ஊக்கப் பேச்சுகளை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. உதவியவை சின்னச் சின்னத் தொழில் ரகசியங்கள்.

கம்மைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றார். விக்கல், நெஞ்செரிச்சல், "இது எனக்கு ஒத்துக்காது" என்ற முடிவு. பக்கத்தில் இருந்தவர், "நாலஞ்சு தடவை மெல்லுங்க, காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்கி வச்சிட்டு மறந்துடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். நிகோடின் கன்னத்துச் சவ்வு வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் வயிற்றுக்குத்தான் தொல்லை. இது மருந்துப் பெட்டியில் அச்சிட்டே இருக்கிறது. ஆனால் பெட்டியை யார் படிக்கிறார்கள்?

நான்காம் நாள் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் என்று வந்தார். நிகோடின் இல்லாத தவிப்பு என்று நானும் நினைத்தேன். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசாத ஓர் அம்மா இருந்தார். வயது 58, பணி ஓய்வு பெற்றவர். இவர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை காபி, தம்பி?" ஆறு. "மூணாக்குங்க." இரண்டு நாளில் படபடப்பு பாதியாகக் குறைந்தது.

காரணம் எளிது, நிறையப் பேருக்குத் தெரியாது. புகையிலுள்ள தார் வகைப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியின் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. அந்த நொதிதான் காஃபினைச் சிதைக்கிறது. அதனால் புகைக்கிறவர்களுக்குக் காபி சீக்கிரம் இறங்கிவிடும். புகையை நிறுத்தியதும் நொதி பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. அதே ஆறு காபி இப்போது ரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்காகத் தங்குகிறது. பட்டை, கம் எதுவும் இதை மாற்றாது, ஏனென்றால் இது நிகோடினின் வேலை இல்லை, புகையின் வேலை. அக்காவுக்கு நொதி பற்றி எதுவும் தெரியாது. தனக்கு நடந்தது தெரியும். சகதுணை என்று பெரிய வார்த்தையில் சொல்வதில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அதே குழியில் போன மாதம் காலை விட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

மூன்றாம் வாரம் தவிப்பு தணிந்தது. நான்காம் வாரம் அவர் எங்கள் கூட்டத்தின் நட்சத்திரம்.

நாள் கணக்கு

இந்த இடத்தில்தான் என் கை இருக்கிறது. அப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆரம்பித்ததும் ஒவ்வொருவரும் தன் நாள் கணக்கைச் சொல்வார்கள். பதினொன்று. இருபத்தாறு. நாற்பது. ஒவ்வொரு பத்துக்கும் கைதட்டல், ஐம்பதுக்கு எழுந்து நின்று கைதட்டல். அந்த வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். எனக்கு அது பெருமையும்கூட. வாரத்துக்கு நடுவில் கைபேசிக் குழுவிலும் காலையில் எண்ணைப் போடுவார்கள். இவர் எங்களில் எல்லோருக்கும் முன்னால், ஆறு மணிக்கே போட்டுவிடுவார்.

41ஆம் நாள் நடந்ததை அவர் பிறகு சொன்னபடி எழுதுகிறேன். அன்று அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. ஒரு இயந்திரம் ஐந்து மணி நேரம் படுத்துக் கிடந்து, நான்கு பேர் சேர்ந்து அதை ஓடவைத்தார்கள். ஓடியதும் எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். கை முழுக்க கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. யாரோ பாக்கெட்டை நீட்டினார்கள். "நான் எடுத்ததே எனக்கு ஞாபகம் இல்ல. பாதி போனப்புறம்தான் தெரிஞ்சது."

ஒன்று. அத்தோடு நின்றிருக்கலாம். அன்று இரவு யாரிடமாவது சொல்லியிருந்தால் நின்றிருக்கலாம் என்று அவரே நினைக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கைபேசியை எடுத்தார். எண் போட வேண்டும். 42 என்று போடுவதா, 0 என்று போடுவதா? முந்தின வாரம்தான் ஒரு புதியவரிடம் நான் இவரைக் காட்டி, "இவரைப் பாருங்க" என்று சொல்லியிருந்தேன். 42 என்று போட்டார்.

போட்ட பிறகு அன்று இரண்டு புகைத்தார்.

ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், பழக்கத்தை விடுகிறவர்கள் ஒருமுறை சறுக்கியதும் என்ன நடக்கிறது என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர். சறுக்கல் வேறு, பழைய பழக்கத்துக்கே திரும்பிப் போய்விடுவது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளிவிடுவது பெரும்பாலும் அந்த ஒரு சிகரெட்டுக்கு நாம் கொடுக்கும் பொருள்: எல்லாம் போச்சு, என்னால் முடியாது, இனி என்ன. ஒரு சிகரெட்தானே, பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சறுக்கியவர்களில் பெரும்பாலோர் முழுப் பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் சறுக்கிய பின் வரும் முதல் சில மணி நேரங்கள் அவ்வளவு முக்கியம். அந்த மணி நேரங்களில் அவர் பேசியிருக்க வேண்டிய ஒன்பது பேரையும் நாங்கள் பார்வையாளர்களாக மாற்றி உட்காரவைத்திருந்தோம்.

கருவியும் காட்டிக் கொடுக்கவில்லை. கார்பன் மோனாக்சைடு நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகும், ஒரு நாளில் சாதாரண அளவுக்கு வந்துவிடும். கூட்டம் ஞாயிறு காலை. வெள்ளி இரவோடு நிறுத்திக்கொண்டால் ஞாயிறு மூச்சு சுத்தம். இயந்திரம் தெரிந்தவருக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. நிகோடின் உடம்பில் சிதைந்து உண்டாகும் கோட்டினினைச் சிறுநீரில் பார்த்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். அது சில நாள் தங்கும்தான். ஆனால் பட்டையும் கம்மும் போடுகிறவருக்கு கோட்டினின் எப்படியும் இருக்கும், புகைத்தாரா என்று அதில் தெரியாது.

ஐம்பதாம் நாள் கைதட்டினோம்.  அதற்குப் பிறகு காலை ஆறு மணி எண் நின்றது. "என்ன ஆச்சு, எல்லாம் நலமா?" என்று நான் இரண்டு செய்தி அனுப்பினேன். "வேலை ஜாஸ்தி" என்று பதில். நானும் நம்பினேன்.

அந்த அழைப்பு

நம்பாதவர் அக்கா.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் புகைத்தவர், அதில் பெரும்பகுதி ஒளிந்து. பெண் புகைத்தால் ஊர் என்ன பேசும் என்பது தெரிந்ததால் குளியலறை, மொட்டை மாடி, கதவை மூடிய கார் என்று வாழ்ந்தவர். எங்கள் கூட்டத்தில் ஒன்றரை ஆண்டாக இருந்தார், அதற்குள் நான்கு முறை சறுக்கியிருந்தார். ஒவ்வொரு முறையும் வந்து, "போன செவ்வாய்க்கிழமை ஒண்ணு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.  உண்மையைச் சொன்னால், அவரைக் கூட்டத்தின் பலவீனமான ஆள் என்றே நான் நினைத்திருந்தேன். புதியவர்களை அவர் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டேன்.

ஒளித்துப் புகைக்கிறவர் எப்படிப் பேசுவார், எப்போது சீக்கிரம் கிளம்புவார் என்பதில் அவருக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். அவர் 53ஆம் நாள் இரவு இவரை அழைத்தார். நலமா என்று கேட்கவில்லை. இவர் சொன்னபடி அந்த உரையாடலின் தொடக்கம் இதுதான்:

"தம்பி, நான் இன்னிக்கு ரெண்டு அடிச்சேன். நீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நாலு, அக்கா."

"எங்க வச்சு?"

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. எங்கே, யார் கூட, கைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். ஏன் என்ற கேள்விக்கு ஒரு மனிதன் தன்னைத்தான் திட்டிக்கொள்ள முடியும். எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம். முக்கால் மணி நேரம் பேசினார்கள். 12 நாளில் மொத்தம் 14 சிகரெட் என்று கணக்கு வந்தது. ஒரு நாளைக்கு இருபது அடித்தவருக்கு அது பழைய இடத்துக்கு முழுக்கத் திரும்பியதும் இல்லை, விட்டதும் இல்லை. பட்டை அப்போதும் தோளில் இருந்தது, அதை அவர் கழற்றவே இல்லை. மறுநாள் மருத்துவரைப் பார்த்தார். பட்டையை நிறுத்த வேண்டாம், அளவையும் இப்போது குறைக்க வேண்டாம் என்றார் அவர். அதற்கு மறுநாள் புகையை விட இரண்டாவது முறையாகத் தேதி குறித்தார்கள்.

நான் இதையெல்லாம் அடுத்த ஞாயிறு தெரிந்துகொண்டேன். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டாரே என்று. வீட்டுக்குப் போகும் வழியில்தான், சட்டைப் பையைப் பார்த்த அவருடைய மனைவி ஞாபகத்துக்கு வந்தார்.

என்ன மாற்றினோம்

நாள் கணக்கை நிறுத்தினோம். எளிதாக நடக்கவில்லை. இருவர் கடுமையாக எதிர்த்தார்கள், எண்தான் தங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அதனால் தனியே எண்ணிக்கொள்ளட்டும், கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம் என்று விட்டோம். இப்போது கூட்டம் தொடங்குவது வேறு கேள்வியோடு: இந்த வாரம் எது நெருங்கி வந்தது? புகைத்தவரும் இதற்குப் பதில் சொல்லலாம், புகைக்காதவரும் சொல்லலாம். கைதட்டல் இல்லை. ஆரம்பத்தில் அறை ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது, பழகிவிட்டது.

இவருக்கும் அக்காவுக்கும் இடையே அவர்களே ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார்கள். அதில் எனக்குப் பங்கில்லை. ஆசை கிளம்பும்போது இவர் ஒரே ஒரு சொல் அனுப்புவார்: "வருது." அக்காவின் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "பத்து நிமிஷம்." அறிவுரை இல்லை, தண்ணீர் குடிங்க, மூச்சு விடுங்க எதுவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து இவர் "போச்சு" அல்லது "அடிச்சேன்" என்று அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் அக்காவின் பதில் "சரி".

பத்து நிமிடம் என்பது சும்மா சொன்னதில்லை. புகைக்கும் வேட்கை அலை போல ஏறி, நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் சில நிமிடங்களில் இறங்கும். உள்ளே இருக்கிறவருக்கு அது இறங்கும் என்ற நம்பிக்கை மட்டும் இருக்காது. புகையை இழுத்தால் நிகோடின் பத்து இருபது நொடிகளில் மூளைக்குப் போய்விடும். அந்த வேகத்துக்குப் பழகிய மூளைக்குப் பத்து நிமிடம் ஒரு யுகம். அந்த யுகத்தின் மறுமுனையில் யாரோ கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டுமே இந்த முறை. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை, அதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

"அடிச்சேன்" என்ற சொல்லுக்கும் அதே "சரி" கிடைக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று நினைக்கிறேன். சொன்னால் இழக்க எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் பழைய கூட்டத்தில் சொன்னால் இழக்க ஐம்பது நாள் இருந்தது.

வீட்டிலும் ஒரு மாற்றம். மனைவி ஒருமுறை கூட்டத்துக்கு வந்தார். அக்காதான் அவரிடம் பேசினார், நான் ஒதுங்கிக்கொண்டேன். "நீங்க கேக்காதீங்க. அவரா சொன்னா கேட்டுக்குங்க" என்றாராம். வாழ்க்கைத் துணை, நண்பர் போன்றவர்களை வைத்துப் புகையை விடவைக்கும் திட்டங்கள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வில், அவற்றால் நீண்டகாலத்துக்குப் பலன் கூடியதாகத் தெரியவில்லை. இதைச் சொன்னால் மக்கள் உடனே இன்னொரு புகழ்பெற்ற ஆய்வை நீட்டுவார்கள். நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும் 2008இல் வெளியிட்டது. அமெரிக்க ஊர் ஒன்றின் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் உறவு வலையை 1971 முதல் 2003 வரை பார்த்து, கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். அது ஒருவர் *விட்டால்* என்ன ஆகிறது என்பது. கண்காணித்தால் என்ன ஆகிறது என்பது அல்ல. புகைத்தே பழகாத மனைவிக்கு விடுவதற்கு எதுவும் இல்லை.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. நண்பர் விட்டால் 36 சதவீதம், சிறு நிறுவனத்தில் சக ஊழியர் விட்டால் 34 சதவீதம் குறைகிறது. மக்கள் கொத்துக் கொத்தாக விடுகிறார்கள். விடாமல் மிஞ்சுகிறவர்கள் மெதுவாக வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். இவருடைய ஆலையில் நிலைமை தலைகீழ். புகைக்கிறவர்கள்தான் வட்டத்தின் நடுவில் இருந்தார்கள், விட்டவர் ஓரத்துக்குப் போக வேண்டியிருந்தது. எட்டு மணி நேர ஷிப்டில் அவர் மனம் விட்டுப் பேசியது அந்த நான்கு பத்து நிமிட இடைவேளைகளில்தான். சிகரெட்டை விட்டபோது அவர் இழந்தது அந்தப் பேச்சை. மருந்துக் கடையில் இதற்குப் பட்டை கிடையாது. இரண்டு மாதம் இடைவேளைகளில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு, பந்தயத்தில் ஆறாம் நாள் விழுந்த அதே நண்பர் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புகையை விட வரவில்லை, சும்மா பேச வந்தார்.

அப்புறம் நடந்தது

இரண்டாவது தேதிக்குப் பின் முதல் வாரம் "வருது" ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று போனது. ஆறாம் வாரத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு. பட்டையை மருத்துவர் படிப்படியாக 14, பிறகு 7 என்று குறைத்து நிறுத்தினார். எடை 5 கிலோ கூடியது. விடுகிறவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ கூடுவது வழக்கம்தான். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட அவருடைய பழைய பேண்டுகள்தான் அதிகம் கவலைப்பட்டன.

நான்காம் மாதம் ஒரு சறுக்கல். பாதி சிகரெட். இருபது நிமிடத்துக்குள் அக்காவுக்குச் செய்தி போனது: "அடிச்சேன். பாதி. கீழே போட்டேன்." பதில்: "சரி." அது அதோடு முடிந்தது. புகை விடுதல் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ரஸ்ஸல் அளவுகோல்படி மொத்தம் ஐந்து சிகரெட்டுக்கு மேல் போகாதவரை ஒருவர் விட்டவராகவே கணக்கில் வருவார். இரண்டாவது தேதியிலிருந்து எண்ணினால் அந்தக் கணக்கில் அவர் இப்போது விட்டவர். ஆறாம் மாதம் 3 பிபிஎம், ஓராண்டில் 2. ஐம்பதாம் நாளில் 3 வந்ததை மறக்காததால் இந்த எண்களையும் நான் அளவோடுதான் மதிக்கிறேன்.

ஐந்தாம் மாதத்திலிருந்து அவர் ஒரு இளைஞரின் "வருது"வுக்குப் பதில் சொல்கிறார். ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக உளவியலாளர் 1965இலேயே, உதவுகிறவருக்குத்தான் உதவியால் அதிகப் பலன் என்று எழுதினார். இவர் விஷயத்தில் அது பொருந்துகிறதா? பொருந்துகிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அக்காவைப் பார்த்தால் தயக்கம் வருகிறது. இவரைக் கரையேற்றிய அந்த ஆண்டில் அக்கா மேலும் இரண்டு முறை சறுக்கினார். பிறருடைய வேட்கையை ஒரு நாளைக்கு நான்கு முறை கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய வேட்கையைக் கிளறியிருக்குமா? கேட்டேன். "கிளறும். ஆனா அவருக்கு பத்து நிமிஷம்னு சொல்லிட்டு நான் எப்படிப் பத்த வைக்கிறது?" என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இதே முறையை இன்னொரு ஜோடிக்கு நாங்கள் பரிந்துரைத்தோம், மூன்று வாரத்தில் முறிந்தது. இரவு இரண்டு மணிக்குச் செய்தி, பதில் தாமதமானால் கோபம், பதில் சொல்கிறவருக்குத் தூக்கம் போயிற்று. இப்போது துணைக்கு நிற்கிறவர் தன் நேரத்தை முன்பே சொல்லிவிட வேண்டும், அந்த நேரத்துக்கு வெளியே இன்னொருவர் பெயர் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அக்காவுக்கும் இவருக்கும் நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பட்டை எவ்வளவு செய்தது, அக்கா எவ்வளவு செய்தார், பக்கத்தில் வந்து உட்கார்ந்த நண்பர் எவ்வளவு என்று ஒரே ஒருவரின் கதையிலிருந்து பிரித்தெடுக்கவும் முடியாது.

எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தார். எதையாவது நீக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், மனைவி சட்டைப் பையைப் பார்த்த பகுதியையாவது. நீக்க எதுவும் இல்லை என்றார். திருத்த மட்டும் ஒன்று இருந்தது.

"பதினாலுன்னு போட்டிருக்கீங்க. பதினேழு. மூணை அக்காகிட்டகூட அன்னிக்குச் சொல்லல."